பலகையில் போட்ட நான்கு எண்கள்

"நிகழ்ச்சி நடைபெறும்போது பார்வையாளர் எவரும் இருக்கையை விட்டு எழவோ, நடமாடவோ, நிகழ்த்துவோருடன் சேர்ந்து குரல் எழுப்பவோ கூடாது."

எங்கள் சபை மண்டபத்தின் பயன்பாட்டு விதிகளில் இது ஏழாவது. தெளிவான விதி. காற்புள்ளிகூட அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. உட்காராமல் என்ன செய்யும்? எழுதியவன் நான். மத்திய அரசின் கணக்கு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு குடும்பம் நடத்திக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். செம்பூர் வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல், தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கும் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் மண்டபக் குழுவுக்குச் செயலாளரானவன். (போட்டியின்றித் தேர்வு. அந்த வேலை வேறு யாருக்கும் வேண்டாம் என்பதை இப்படியும் சொல்லலாம்.)

அந்த விதியை ஒரு மண்டபமே சேர்ந்து மீறியது. மீறியவர்களுக்கு முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தவனும் நான்தான். வீடியோ இருக்கிறது. எனவே இது ஒப்புதல் வாக்குமூலம் அல்ல. இருக்கும் சான்றுக்கு ஒரு விளக்கக் குறிப்பு.

நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு. அப்போது எனக்கு அறுபத்து நான்கு வயது. விவரம் தெரியாத வயது.

என் மகள் ஷீபா ஒரு பள்ளிக்கூடத்தில் வயலின் கற்றுக்கொடுக்கிறாள். மிச்ச நேரத்தில் இசை எழுதுகிறாள். சபை அலமாரியில் நான் இருப்புச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், கூட வந்தவள் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பாட்டுப் புத்தகத்தை உருவினாள். நூறு வருடத்துக்கு மேல் இருக்கும். திருநெல்வேலிச் சீமையில் ஏதோ ஓர் அச்சுக்கூடத்தில் அடித்தது. ஐந்து கோடு போட்டு இசைக்குறி அச்சிட அங்கே வசதி இல்லை போலிருக்கிறது. டோ, ரே, மீ என்ற மேல்நாட்டுச் சுரங்களின் முதலெழுத்துகளை வரிசையாக அடுக்கி, நடுவே புள்ளியும் முக்காற்புள்ளியும் வைத்துத் தாளத்தைக் காட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தந்தி அலுவலகத்துக் குறிப்பு மாதிரி இருக்கும். எங்கள் பாடகர் குழுவில் பழைய ஆட்கள் இன்னும் அதைப் பார்த்துத்தான் நாலு குரலில் பாடுகிறார்கள்.

"அப்பா, இங்க பாருங்க. மை சரியா படியல. இங்க ஒரு எழுத்து ரெண்டு தடவ விழுந்திருக்கு."

"மட்டமான அச்சு. நானாக இருந்தால் ரசீதில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்."

"எவ்ளோ அழகா இருக்கு!"

அவள் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கு அந்தப் புத்தகத்திலிருந்து ஓர் இசை எழுதினாள். ஒலிபெருக்கி இல்லாமல், ஓர் அறைக்குள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை. நான்கு பாட்டு, நான்கு பகுதி. மை படியாத இடத்தில் வாத்தியம் நின்றுவிடும். எழுத்து இரட்டையாக விழுந்த இடத்தில் அந்தச் சுரம் இரண்டு முறை வரும். மெட்டு உடைந்து, சிதறி, ஒவ்வொரு பகுதியிலும் ஏதோ ஓர் இடத்தில் மட்டும் முழுசாகத் தலைகாட்டும். (கணக்கு அலுவலகத்தின் பிழைத்திருத்தப் பட்டியலைக் கொடுத்திருந்தால் அதையும் இசையாக்கியிருப்பாள்.)

இதை வைத்து வெளிநாட்டில் ஒரு பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். இசை எழுதுபவர்களை ஒரு பருவம் தங்கவைத்து, பெரிய ஆட்களிடம் கற்கவைப்பார்கள். நிபந்தனை மூன்று. வயது முப்பத்தைந்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஷீபாவுக்கு ஆகஸ்டில் அந்தக் கதவு மூடிவிடும். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்த வீடியோ வேண்டும். அதுவும் பார்வையாளர் முன்னிலையில் எடுத்ததாக இருக்க வேண்டும். வாசிக்க வந்த நால்வரும் நட்புக்காக வருபவர்கள். அவர்கள் நால்வருக்கும் பொதுவாகக் கிடைத்தது மே மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை. விண்ணப்பம் திங்கட்கிழமைக்குள் போக வேண்டும்.

ஆக, ஒரே வாய்ப்பு. இரண்டாவது தடவை கிடையாது. இப்படிப்பட்ட வேலைக்கென்றே என்னைப் படைத்திருக்கிறார்கள் என்று அன்று உண்மையாகவே நம்பினேன்.

"நீ வாசிப்பை மட்டும் பார். மண்டபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு குண்டூசி விழுவதாக இருந்தாலும் என்னிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் விழும்" என்றேன்.

"ரயில்வேக்கும் ஒரு லெட்டர் போடுதீயளா?" என்று கேட்டாள் என் மனைவி எஸ்தர். "ஆறு மணிலேருந்து ஏழு மணி வரைக்கும் லோக்கல் ட்ரெய்ன் எல்லாம் செருப்பக் கழத்திட்டுப் போணும்னு."

(வரைவு தயாராகத்தான் இருந்தது.)

பக்கத்து வீடுகளில் குக்கர் விசில் எழுப்பும் நேரத்தை மாற்றவைத்தேன். வாசலில் கைபேசிகளை வாங்கி டோக்கன் கொடுக்க ஒரு பிஸ்கட் டின் ஏற்பாடு செய்தேன். மின்விசிறியின் சத்தம் பதிவில் விழும் என்று ஷீபா சொன்னாள். எல்லா விசிறியையும் நிறுத்தச் சொன்னேன். மே மாதம். மும்பை.

மிச்சம் இருந்தது பொன்ராஜ். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். பட்டறையின் ஒரு சுவர் எங்கள் மண்டபத்தின் சுவர்தான். பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. அவர் 'ஸ்தோத்திரம்' என்று சொன்னால் தண்ணீர்த் தொட்டியில் அலை வரும்.

"ஒரு மணி நேரம் தையல் மெஷினை நிறுத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, நிப்பாட்டிருவோம். மெஷின நிப்பாட்டிட்டா பயலுவ சும்மால்லா இருப்பானுவ? அம்புட்டு பேரையும் கூட்டிட்டு வந்துருதேன். பாட்டுன்னா நமக்கு உசுருல்லா."

பார்வையாளர் வேண்டும் என்ற நிபந்தனையும் தீர்ந்தது. 'பாட்டுன்னா' என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

ஞாயிறு ஆராதனையில் நானே எழுந்து அறிவிப்பு வாசித்தேன். அரசாங்கத்தில் வேலை பார்த்தவனுக்கு ஆதாரம் காட்டாமல் ஒரு வரிகூட எழுத வராது. எனவே இசை எந்தெந்தப் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று நான்கு பாட்டு எண்களையும் வரிசைப்படி வாசித்தேன். சபையார் குனிந்து எழுதிக்கொண்டார்கள். என் அறிவிப்பை யாரும் எழுதிக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. பெருமையாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். சனிக்கிழமை மதியம் மண்டபத்துக்குப் போனவன் சுவரில் இருந்த பாட்டுப் பலகையைப் பார்த்தேன். எங்கள் ஆலயங்களில் இப்படி ஒரு மரப்பலகை இருக்கும். அன்றைய ஆராதனையில் பாடப்போகும் பாட்டுகளின் எண்களை அதில் செருகிவைப்பார்கள். கிறிஸ்துமஸ் கூட்டம் ஆலயத்தில் கொள்ளாமல் வழிவதால் மண்டபத்திலும் ஒன்று மாட்டியிருந்தோம். காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காலியான கட்டத்தைப் பார்த்தால் நிரப்பாமல் விடுகிற வழக்கம் எனக்கு இல்லை. நாற்காலி போட்டு ஏறி நான்கு எண்களையும் செருகினேன்.

"இது எதுக்கு?" என்றாள் எஸ்தர்.

"ஆதாரம்."

"யாருக்கு?"

"பார்வையாளருக்கு."

"இங்க பாருங்க, பலகைல நம்பரப் பாத்தா நம்ம ஆளுவ..."

"எஸ்தர், எனக்கு நடைமுறை தெரியும்."

நாற்பது வருடத்தில் அவள் பாதியில் நிறுத்திய வாக்கியங்களை எல்லாம் நான் முழுமையாகக் கேட்டிருந்தால் இன்னும் இரண்டு பதவி உயர்வு வாங்கியிருப்பேன்.

மாலை ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பட்டறைக்காரர்கள், பாடகர் குழு, வாலிபர் சங்கம், பெண்கள் ஐக்கியம், எல்லாரும் ஆலயத்துக்கு வருகிற உடையில். எல்லார் கையிலும் பாட்டுப் புத்தகம். விசிறி இல்லாததால் வீசிக்கொள்ளக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இந்த அளவு முன்யோசனை எங்கள் சபையாருக்கு உண்டா என்று ஒரு கணம் வியக்கவும் செய்தேன்.

பார்வையாளரும் பதிவில் தெரிய வேண்டுமே என்று, ஷீபா வாசிப்பவர்களுக்குப் பின்னால் இருந்த சுவரை ஒட்டிக் கேமராவை நிறுத்தி, பொத்தானை அழுத்தினாள். நான் முதல் வரிசை ஓரத்தில் காவலுக்கு உட்கார்ந்தேன்.

செல்லோக்காரர் ஓர் இளம் பார்சி. ஒரு கீழ்ச் சுரத்தை இழுத்துப் பிடித்தார். அதன் மேல் வயலின்கள் ஒரு துண்டு இங்கே, ஒரு துண்டு அங்கே என்று வைத்தன. நடுநடுவே மௌனம். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

பக்கத்திலிருந்த பொன்ராஜ் என் காதருகே குனிந்தார். "இன்னும் சுருதிதான் சேக்காவளா அண்ணாச்சி?"

"உஸ்ஸ். இதுதான் பாட்டு."

"அப்பிடியா?" பலகையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், கவலையோடு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் முதல் வயலின் மெட்டை முழுசாக வாசித்தது. பாந்த்ராவிலிருந்து வந்த கோவாக்காரப் பெரியவர், அருமையான கை. ஒரே ஒரு வரிதான். அடுத்த வரிக்குள் இரும்பு நாற்காலிகள் எல்லாம் ஒன்றாகக் கிறீச்சிட்டன. மண்டபமே எழுந்து நின்றது. பொன்ராஜ் மூச்சை இழுத்தார்.

பிறகு நாலு குரலில், ஒரு சரணமும் விடாமல், பாடினார்கள்.

நான் பாய்ந்து முன்னால் போனேன். வாசிப்பவர்களுக்கும் சபைக்கும் நடுவே நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, உள்ளங்கையைக் கீழே காட்டி, 'உட்காருங்கள், உட்காருங்கள்' என்று அழுத்தினேன். வாய்விட்டுச் சொல்ல முடியாதே, பதிவு ஓடுகிறது. எங்கள் பாடகர் குழுவுக்கு அந்தக் கையசைவு நன்றாகத் தெரியும். 'மெதுவாகப் பாடு' என்று அர்த்தம். உடனே குரலைத் தாழ்த்தி, உருகி, இரண்டாம் சரணத்தைப் பாடினார்கள். எனக்கு ஆத்திரம் வந்து கைகளை அகல விரித்து உதறினேன். 'உரக்க' என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் சரணத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

திரும்பி வாசிப்பவர்களைப் பார்த்தேன். செல்லோக்காரர் வில்லை நிறுத்தாமலே, "அங்கிள், யே தோ லிக்கா நஹி ஹை!" என்றார். எழுதிக்கொடுத்த தாளில் இது இல்லையாம். எனக்கு மட்டும் எந்தத் தாளில் இருந்தது? அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் ஷீபா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. 'போங்க, போய்க்கிட்டே இருங்க' என்று தலையை ஆட்டினாள். நிறுத்தினால் ஓட்டம் அறுந்துவிடும். அறுந்தால் எல்லாம் முடிந்தது.

கடைசியில் எனக்குப் புத்தி வந்தது. பாடகர் குழுத் தலைவர் செய்வதுபோல விரல்களைக் குவித்து ஒரு வட்டம் போட்டு மூடினேன். நீளமாக ஓர் 'ஆமென்'. உட்கார்ந்தார்கள். பொன்ராஜின் கண்ணில் நீர். "நல்லா நடத்துனிய அண்ணாச்சி" என்றார்.

இரண்டாம் பகுதி காணிக்கைப் பாட்டிலிருந்து எடுத்தது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெட்டு தலைகாட்டியதும், ஆலயத்தைத் திறந்து பூட்டி எல்லா வேலையும் பார்க்கிற செல்லத்துரை, சுவரில் மாட்டியிருந்த காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து புறப்பட்டுவிட்டார். நான் கண்ணால் மிரட்டியதும், என்னிடம் முதலில் நீட்டவில்லை என்று கோபிக்கிறேன் என எண்ணித் திரும்பி வந்து என்னிடம் நீட்டினார். கேமரா பார்க்கிறது. போட்டேன்.

சபையை முடித்துவிட்டு வாத்தியக்காரர்களிடமும் போனார். அப்போது வியோலா வாசிக்கும் பெண்ணுக்கு நீண்ட இடைவெளி. கை சும்மா இருந்தது. பை அவள் முகத்துக்கு முன்னால் நிற்கிறது. மண்டபமே பார்க்கிறது. கைப்பையோ வெளியே. அந்தப் பெண் பதறி, இசைத்தாள் வைக்கும் தாங்கியின் விளிம்பில் இருந்த சின்ன ரப்பர் துண்டை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டாள். அது தந்தியின் மேல் செருகி ஒலியை அடக்குகிற துண்டு. கடைசிப் பகுதி முழுக்க அவளுக்கு அது வேண்டும்.

மூன்றாவது எண்ணை எங்கள் சபையில் அடக்க ஆராதனைக்கு மட்டும்தான் பாடுவது வழக்கம். மெட்டு வந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். ஆனால் பாடவில்லை, தலை குனிந்து நின்றார்கள். விதி மீறல்தான், ஆனால் சத்தமில்லாத மீறல். பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அப்போது இரண்டாம் வரிசையில் ஞானம்மாள் அக்கா, தனக்குக் காது கேட்காததால் ஊருக்கே காது கேட்காது என்று நம்புகிறவர், பக்கத்தில் இருந்தவளைக் கேட்டார்:

"யாருட்டீ போய்ட்டாவ?"

"தெரியலியே அக்கா."

"போதகர் ஐயாவக் காணுமே?"

"கல்யாண் சபைக்குல்லா போயிருக்காவ."

"ட்ரெய்ன்லயா?"

அந்த ஒரு கேள்வி போதும். ரயிலிலிருந்து விழுந்து சாவது தினசரிச் செய்தியான மும்பையில் வாழ்கிறவர்களுக்கு மீதியை யாரும் சொல்ல வேண்டாம். விசும்பல் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. யாரோ கைபேசிக்காக வாசல் பக்கம் ஓடினார்கள். கதவைத் திறந்தால், வெள்ளை அங்கியில் போதகர் நிற்கிறார். வண்டி தாமதம், அவ்வளவுதான்.

"எப்பா, ஆண்டவரே!"

அந்த அலறல் பதிவில் மிகத் துல்லியமாக விழுந்திருக்கிறது. போதகர் சூழ்நிலையைப் பார்த்தார். எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், சிலர் அழுகிறார்கள், அடக்கப் பாட்டு ஒலிக்கிறது. அவரும் தலையைக் குனிந்துகொண்டு செல்லத்துரையிடம் மெதுவாகக் கேட்டாராம்: "எந்த வீட்ல?"

நான்காவது எண் ஆசீர்வாதப் பாட்டு. ஷீபா அந்த மெட்டைப் பகுதியின் தொடக்கத்திலேயே வைத்திருந்தாள். அதன் பிறகுதான் அவள் எழுதியதில் முக்கியமானது வருகிறது. சபைக்கு அது தெரியுமா? மெட்டு முடிந்தது, மூன்று முறை ஆமென் சொன்னார்கள், போதகர் கையை உயர்த்தினார், எல்லாரும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். டோக்கன், கைபேசி, கண்ணாடித் தம்ளர், எல்லாச் சத்தமும் வெளியே போனது.

மண்டபத்தில் காலி நாற்காலிகள், எஸ்தர், நான். நால்வரும் நிறுத்தவில்லை. எங்கள் இரண்டு பேருக்காக வாசித்தார்கள். உடைந்த துண்டுகள், மை படியாத மௌனங்கள். அந்த மௌனங்கள் ஒவ்வொன்றிலும் இப்போது ஏதோ இருந்தது. சற்று முன் பாடிய குரல்கள் இன்னும் சுவரில் ஒட்டியிருப்பது மாதிரி. ரப்பர் துண்டு இல்லாத அந்தப் பெண், தந்தியைத் தொட்டும் தொடாமலும் வில்லை நகர்த்தினாள். நான் என் மகளின் இசையை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். அதுவரை அதற்கு ஏற்பாடுதான் செய்துகொண்டிருந்தேன்.

முடிந்ததும் ஓடிப்போய்க் கோவாக்காரப் பெரியவரின் கையைப் பிடித்தேன். "இன்னும் ஒரு தடவை, தயவுசெய்து. எல்லாரையும் வெளியே பூட்டிவிடுகிறேன்." அவர் விமானத்துக்குப் போக வேண்டியவர். என் கையைக் குலுக்கி, "அருமையான பாடகர் குழு, சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷீபா தரையில் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா. பலகைல நம்பர் யாரு போட்டாங்க?"

"ஆதாரத்துக்காக..."

"அப்பா."

"நான்தான்."

அவள் அழுதாளா சிரித்தாளா என்பதை உறுதி செய்ய இயலவில்லை. அன்று இரவே நான் ஒரு விளக்கக் கடிதம் தயாரித்தேன். இடையூறுகளின் அட்டவணை, தவறு முழுவதும் என்னுடையது என்ற உறுதிமொழி, மறுபரிசீலனைக்கு வேண்டுகோள். ஷீபா முதல் பத்தியைத் தாண்டவில்லை.

"இத அனுப்பினா உங்க லெட்டரத்தான் படிப்பாங்க, என் ம்யூசிக்க கேக்கமாட்டாங்க. பஸ், போதும் அப்பா. அப்படியே போகட்டும். என் கைல வேற ஒண்ணும் இல்ல."

அப்படியே போனது. அலறல், காணிக்கை, ஆமென், என் முதுகு எல்லாவற்றோடும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எனக்குக் கை இல்லை. 'போதும், விடு' என்று நான் உள்ளங்கையைக் கீழே காட்டினால், எஸ்தர் உடனே குரலைத் தாழ்த்தி ஒரு சரணத்தை எடுத்துவிடுவாள். உறவினர் வீட்டுக் கல்யாணங்களிலும் இது பரவிவிட்டது. பொன்ராஜ் மட்டும் இன்றுவரை அதைக் கேலியாக நினைக்கவில்லை. அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜூன் முழுவதும் பதில் இல்லை. மழை தொடங்கியது. "நினைவூட்டல் எல்லாம் அனுப்பிடாதீங்க" என்று ஷீபா எச்சரித்தாள். நான் அனுப்பவில்லை. (ஒன்று மட்டும்.)

பதில் மின்னஞ்சலில் வந்தது. ஷீபா வாசித்தாள், நான் பின்னால் நின்றேன். சிறு குழு இசைப் பிரிவில் எட்டுப் பேருக்கு மேல் பங்கேற்கக் கூடாது. உங்கள் பதிவில் ஒரு மண்டபமே பங்கேற்பதால் அந்தப் பிரிவில் ஏற்க இயலாது. விதி சரியான விதி. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அடுத்த பத்தி: எனினும், மக்களும் வாத்தியங்களும் சேர்ந்து நிகழ்த்தும் படைப்புகளுக்கான பிரிவுக்கு இதை மாற்றி, அதில் தேர்வு செய்திருக்கிறோம். பாடியவர்கள் வெளியேற, வாத்தியங்கள் தனியே தொடரும் முடிவு எங்களைப் பேசவிடாமல் செய்தது. அதை இசைத்தாளில் குறிப்பிட மறந்திருக்கிறீர்கள், சேர்த்து அனுப்புக.

ஷீபா திரும்பி என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் முடியில் மழைத் தண்ணீர் இருந்தது. பிறகு திரையைத் தொட்டுக் காட்டினாள். "இன்னும் ஒண்ணு இருக்கு, அப்பா."

பதிவில் பெரும்பாலும் முதுகே தெரிந்தாலும் முக்கியப் பங்காற்றியிருப்பதால், பாடகர் குழுவை நடத்தியவரின் ஒப்புதல் கையெழுத்து தேவை. தாழ்ந்த குரலிலிருந்து உச்சத்துக்கு அவர் சபையை அழைத்துச்சென்ற விதம் குறிப்பிடத்தக்கது.

இணைத்திருந்த படிவத்தை அச்செடுத்து வந்து, "சைன் பண்ணுங்க, மாஸ்டர்" என்றாள்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டதாகப் பணிக்காலத்தில் என்மேல் ஒரு குற்றச்சாட்டும் கிடையாது. இரண்டு முறை படித்தேன். 'பதவி' என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. 'நடத்துநர்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேல் மூலையில், வழக்கப்படி, பதில் பெறப்பட்ட தேதியையும் குறித்தேன்: ஜூலை பதினொன்று, வெள்ளிக்கிழமை.